நினைவு நாள் கூட்டம் நடத்தப் போகிறீர்களா? முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்

2025-இல் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எங்கள் ஊரில் மூன்று நினைவு நாள் கூட்டங்கள் நடத்தினோம். மே தினம், ஹிரோஷிமா–நாகசாகி, கூலி விவசாயிகளின் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி. பின்னால் கட்சி கிடையாது, பதிவு செய்த அமைப்பும் கிடையாது. நூலகத்தில் பேப்பர் படிக்க வந்து பழகியவர்கள், அவ்வளவுதான். முதல் கூட்டத்துக்கு 19 பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு 120 பேர். மூன்றாவதில் பேசுவதாகச் சொன்னவரே வரவில்லை.

அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். சாதி ஒழிப்பு, தொழிலாளர் உரிமை, போர் எதிர்ப்பு, பெண் கல்வி என்று எந்த நாளை எடுத்தாலும் வேலை ஒன்றுதான். தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கணக்கில் எழுதியிருக்கிறேன். மாநகரத்தில் இருப்பவர்கள் செலவை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

1. தேதியைத் தேர்ந்தெடுப்பது (60 நாள் முன்பு)

தேதி ஏற்கெனவே வரலாற்றில் இருக்கிறதே, தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ஹிரோஷிமா நாள் ஆகஸ்ட் 6. 2025-இல் அது புதன்கிழமை. வேலை நாளில் யார் வருவார்கள் என்று முந்தைய ஞாயிறு, ஆகஸ்ட் 3 என்று முடிவு செய்து நாலு பேரிடம் சொல்லியும் விட்டோம். வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டார்: "பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கா கூட்டம்?" டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஊரே சித்ரான்னத்தைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருக்கும்.

நாகசாகி நாளான ஆகஸ்ட் 9 சனிக்கிழமையாக இருந்தது. இரண்டாவது சனி, வங்கிக்கும் விடுமுறை. அதைப் பிடித்துக்கொண்டோம். உங்களுக்கும் இதையே சொல்வேன்: நிகழ்வு ஒன்றாக இருந்தாலும் அதைச் சுற்றி இரண்டு மூன்று தேதிகள் இருக்கும். உப்பு அறப்போர் என்றால், ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடை கிளம்பியது 1930 ஏப்ரல் 13, வேதாரண்யத்தில் உப்பு அள்ளியது ஏப்ரல் 30. கேரளத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக நடந்த வைக்கம் என்றால், போராட்டம் தொடங்கியது 1924 மார்ச் 30, முடிந்தது 1925 நவம்பர் 23. எந்தத் தேதி உங்கள் ஊருக்குத் தோதோ அதை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்காக வேறு தேதிக்குத் தள்ளினாலும் குற்றமில்லை. நோட்டீசில் நிகழ்வு நடந்த தேதியையும் கூட்டம் நடக்கும் தேதியையும் தனித்தனியாகப் போடுங்கள்.

சில தேதிகளுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு.

அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14, மே 1 இரண்டும் தேர்தல் ஆண்டில் நடத்தை விதிக்குள் மாட்டிக்கொள்ளும். 2019, 2021, 2024 மூன்று முறையும் அப்படித்தான் ஆனது. அப்போது காவல் நிலையத்தோடு வேலை முடியாது. தேர்தல் அலுவலரிடமும் போக வேண்டும். அரசியல்வாதி ஒருவர்கூட மேடையில் இல்லை என்றாலும் கேள்வி வரும்.

ஏப்ரல் 14-ஐத் தமிழ்நாடு அரசு சமத்துவ நாளாகவும், பெரியார் பிறந்த நாளான செப்டம்பர் 17-ஐச் சமூக நீதி நாளாகவும் அறிவித்திருக்கிறது. அரசு அலுவலகங்களில் உறுதிமொழி, சிலைகளுக்கு மாலை, கட்சி ஊர்வலங்கள் என்று காலை முழுக்கப் போலீசாருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கூட்டத்தை மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 25 வெண்மணி நாள். அன்று பேசத் தகுதியானவர்களில் பாதிப் பேர் கீழ்வெண்மணி நினைவிடத்தில் இருப்பார்கள். எங்கள் பேச்சாளர் வராமல் போனதும் இதனால்தான். "மதியத்துக்குள்ள அஞ்சலி செலுத்திட்டு வந்துடறேன்" என்றார். பஸ் கிடைத்தபோது மணி ஆறு. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தேதிக்கு அவரைக் கேட்டது எங்கள் தவறு. 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்ததும் டிசம்பர் 25-இல்தான். அந்தப் பக்கமிருந்து பேசக்கூடிய ஒருவரைப் பிடித்திருந்தால் தப்பித்திருப்போம்.

2. தேதியையும் எண்ணையும் சரிபார்ப்பது (நோட்டீஸ் அடிக்கும் முன்)

ஒரு செலவும் இல்லாத வேலை இது. செய்யாமல் விட்டு மானம் போனது எங்களுக்கு.

மே தின நோட்டீசில் "1886 மே 1 அன்று சிகாகோ ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது" என்று போட்டிருந்தோம். ஆயிரம் பிரதி. கூட்டத்துக்கு வந்த 19 பேரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நோட்டீசைக் கண்ணாடிக்கு வெளியே தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து 1-ஐ அடித்து 4 என்று எழுதி என்னிடம் நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியதுதான் மே 1. ஹேமார்க்கெட் சம்பவம் மே 4. அதே நோட்டீசில் 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நடத்தியதை "முதல் மே தினம்" என்றும் அச்சடித்திருந்தோம். "இந்தியாவில்" என்ற சொல் விட்டுப்போயிருந்தது.

பொதுவாகச் சறுக்கும் இடங்கள் இவை:

ஆண்டுக் கணக்கு. "50-ஆம் ஆண்டு" வேறு, "50 ஆண்டு நிறைவு" வேறு. வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது 1968-இல். 50 ஆண்டு நிறைந்தது 2018 டிசம்பரில். வைக்கம் நூற்றாண்டு விழாவைத் தமிழக, கேரள முதல்வர்கள் தொடங்கிவைத்தது 2023 ஏப்ரல் 1-இல். நூறு ஆண்டு நிறைந்ததோ 2024 மார்ச்சில். நூறாவது ஆண்டு தொடங்கும்போதே விழா எடுப்பது நம் பக்க வழக்கம், அதில் பிழையில்லை. எதைக் கொண்டாடுகிறீர்கள் என்று மட்டும் உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும். நான் "நிறைவு" என்றே போடுவேன், கழித்தல் கணக்கோடு வேலை முடிந்துவிடும்.

நேரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது காலை 8.15, நாகசாகியில் 11.02. இரண்டும் ஜப்பான் நேரம். இன்றைய நம் கடிகாரத்தில் அவை 4.45-உம் 7.32-உம். நம் நேரப்படி 11.02-க்கு மௌனம் காக்கலாம், தவறே இல்லை. "அதே நொடியில் மௌனம்" என்று நோட்டீசில் எழுதிவிடாதீர்கள்.

படங்கள். காளான் மேகம் உயரமாக, தெளிவாக நிற்கும் அந்தப் பிரபலமான படம் நாகசாகியில் எடுத்தது. பேனர்களில் அதற்குக் கீழே "ஹிரோஷிமா" என்றுதான் போடுகிறார்கள்.

தேதியை இரண்டு இடத்தில் பாருங்கள். அதில் ஒன்று அச்சுப் புத்தகமாக இருக்கட்டும். வாட்ஸாப்பில் வந்த "வரலாற்றில் இன்று" கணக்கில் சேராது.

3. இடம் (45 நாள் முன்பு)

எங்கள் அனுபவத்தில் நான்கு வழிகள் உண்டு.

நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதன் வழியாகக் கேளுங்கள். வாடகை இல்லை. ஆனால் 40 பேருக்கு மேல் இடம் பற்றாது, மைக்கும் வைக்க முடியாது.

அரசுப் பள்ளி வேண்டுமென்றால் தலைமையாசிரியர் தலையாட்டியதை நம்பி நோட்டீஸ் அடிக்காதீர்கள். வெளியாள் வந்து பேசுவதற்கு மேலிடத்து எழுத்து அனுமதி கேட்பார்கள். ஒரு மாதம் ஆகும். நாங்கள் கேட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

தொழிற்சங்கக் கட்டடங்களில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எந்தச் சங்கத்தின் கட்டடமோ அந்தச் சங்கத்தின் கூட்டமாகத்தான் ஊர் அதைப் பார்க்கும். உங்களுக்கு அது பரவாயில்லை என்றால் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கடைசியாகக் கல்யாண மண்டபம். இங்கேதான் பஞ்சாங்கம் உங்களுக்குச் சாதகம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலியாகக் கிடக்கும். ஆகஸ்ட் 6, 9 இரண்டும் ஆடியில் வருகின்றன, டிசம்பர் 25 மார்கழியில். 15,000 கேட்கும் சிறிய மண்டபத்தை அரை நாளுக்கு 4,000 ரூபாய்க்குப் பேசினோம். வைகாசியில் இந்த நினைப்பே வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை: பொறுப்பேற்பவரின் ஆதார் நகல், முகவரி, முன்பணம். வாங்கிவர வேண்டியவை: தேதி, நேரம், "கூட்டத்துக்காக" என்ற சொல் மூன்றும் எழுதிய ரசீது. காவல் நிலையத்தில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கரண்ட் பில், துப்புரவு, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் வாடகையில் சேர்த்தியா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு 4,000 என்றது கடைசியில் 5,100 ஆனது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்தத் தேதியில் வருகிறதா என்றும் ஒரு வாரம் முன்னால் விசாரியுங்கள்.

4. காவல் நிலையம் (15 நாள் முன்பு)

தெருமுனை, பொதுஇடம், ஊர்வலம் என்றால் எழுத்து அனுமதி இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள். சென்னையில் குறைந்தது 5 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. மற்ற ஊர்களிலும் அதற்கு முன்னதாகவே கொடுங்கள். நான்கு சுவருக்குள் நடக்கும் கூட்டம்தானே என்று சும்மா இருக்காதீர்கள். தகவல் கடிதமாவது கொடுத்துவிட்டால் அன்றைக்கு நிம்மதி.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பொறுப்பாளர் பெயர், முகவரி, கைபேசி எண், தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், எத்தனை பேர் வருவார்கள், பேச்சாளர் பெயர்கள், எத்தனை பெட்டி ஒலிபெருக்கி, ஊர்வலமோ கோஷமோ உண்டா இல்லையா. இணைப்பாக மண்டப ரசீது நகல், ஆதார் நகல், நோட்டீஸ் ஒன்று. எல்லாம் இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள். "வெச்சுட்டுப் போங்க, சொல்றோம்" என்றால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நாங்கள் போனபோது ஆய்வாளர் இல்லை. ரைட்டர் கடிதத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரை எதிர்த்து?"

"யாரையும் எதிர்த்து இல்ல சார். எண்பது வருஷத்துக்கு முன்னால ஜப்பான்ல குண்டு போட்டாங்க. அதுக்கு நினைவு நாள்."

"ஜப்பான்காரங்க யாரும் வர்றாங்களா?"

இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. அது வேடிக்கைக் கேள்வி இல்லை. வெளிநாட்டவர் மேடையேறினால் விசா விவரம் வரை போகும். முதல் கூட்டத்துக்கு அந்த வம்பு வேண்டாம்.

கடிதத்தில் வார்த்தைகள் முக்கியம். "அஞ்சலிக் கூட்டம்", "நினைவு நாள் கருத்தரங்கு" என்று எழுதலாம். "எழுச்சி", "முழக்கம்" போன்ற சொற்களை நோட்டீசுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோழைத்தனம் என்று எங்களில் ஒருவர் சண்டை போட்டார். மூன்றாவது முறை அலைந்தபிறகு அவரே கடிதத்தைத் திருத்தி எழுதினார்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதி இல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. கூம்பு ஒலிபெருக்கி எந்த நேரத்திலும் கூடாது.

5. பேச்சாளர், மைக்செட் (30 நாள் முன்பு)

பேச்சாளர் இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் வந்தால் முதல் இருவரும் பேசியதையே பேசுவார். ஒவ்வொருவருக்கும் 25 நிமிடம் என்று தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்திலும் அனுப்புங்கள். போக்குவரத்துச் செலவைக் கூட்டத்தன்று கையில் கொடுத்துவிடுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆடியில் மண்டபம் மலிவு என்றேன் அல்லவா, மைக்செட் அதற்கு நேர் எதிர். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவதால் ஊரிலுள்ள பெட்டி எல்லாம் அம்மன் கோயில்களில் இருக்கும். "பார்த்துக்கலாம் தம்பி" என்ற மைக்செட்காரர் ஒரு நாள் முன்னதாகக் கையை விரித்தார். பக்கத்து ஊரிலிருந்து 2,500 கொடுத்து வரவழைத்தோம். முன்பணமாக 500 கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது.

6. நோட்டீசும் பேனரும் (20 நாள் முன்பு)

நோட்டீசில் அழைப்பவர் பெயர், கைபேசி எண், அச்சகத்தின் பெயர் மூன்றும் இருக்கட்டும். மேடைக்குப் பின்னால் கட்டும் ஒரே ஒரு பேனர் தவிர வெளியே எதுவும் வைக்காதீர்கள். சாலையோரப் பேனருக்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும். 2019-இல் சென்னையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிர் போனபிறகு நீதிமன்றமும் கடுமையாக இருக்கிறது. சமூக நீதி பேசப் போகிறவர்கள் நடைபாதையை மறித்துப் பேனர் கட்டுவதை நினைத்தாலே எனக்குக் கூசுகிறது.

7. பணம்

ஆகஸ்ட் கூட்டத்துக்கு 8,000 ஆகும் என்று நினைத்தோம். ஆனது இதோ: மண்டபம் 4,000, மின்சாரம் 600, துப்புரவு 500, மைக்செட் 2,500, நோட்டீஸ் 1,000 பிரதி 1,800, பேனர் 600, பேச்சாளர்கள் பயணம் 1,400, ஒருவருக்கு அறை 900, டீ–சுண்டல் 1,900, வண்ணத்தாள் 350, நினைவுப் பரிசாகப் புத்தகங்கள் 500. கூட்டினால் 15,050. இது போக 2,000 மண்டபத்தில் திரும்பத் தரும் முன்பணமாக நின்றது.

நன்கொடை 13,200 வந்தது. குறைந்த 1,850-ஐ நால்வரும் கையிலிருந்து போட்டோம். ரசீதுப் புத்தகம் போட்டுத்தான் பணம் வாங்குங்கள், பத்து ரூபாயாக இருந்தாலும். கடைக்காரர்களிடம் 100, 200 என்று வாங்கியது நிம்மதி. ஒரே ஆள் 5,000 தருகிறேன் என்று வந்தார். அவர் படமும் பேனரில் வர வேண்டுமாம். நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். சால்வைக்குச் செலவு செய்யாதீர்கள். பேச்சாளர் வீட்டில் ஏற்கெனவே ஐம்பது இருக்கும்.

8. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது வேலை

முதல் கூட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இருந்த வித்தியாசம் இந்த 350 ரூபாய் வண்ணத்தாள்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சடாக்கோ சசாக்கிக்கு இரண்டு வயது. பத்து ஆண்டு கழித்து இரத்தப் புற்றுநோயில் படுத்தவள், காகிதக் கொக்கு மடித்துக்கொண்டே இருந்து 12 வயதில் இறந்துபோனாள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொக்கு மடிக்க வைப்பதாக நோட்டீசில் ஒரு வரி சேர்த்திருந்தோம். பிள்ளைகள் வந்தால் அம்மாக்கள் வருவார்கள், அம்மாக்கள் வந்தால் ஸ்கூட்டர் ஓட்ட அப்பாக்களும் வந்தாக வேண்டும்.

தாளை 15 சென்டிமீட்டர் சதுரமாக முதல் நாளே வெட்டி வையுங்கள். ஏ4 தாளை அப்படியே கொடுத்தால் கொக்கு வராது, அழுகைதான் வரும். முதல் கொக்குக்குக் கால் மணி நேரம் ஆகும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும்; அவர் முந்தைய வாரமே இருபது கொக்காவது மடித்துப் பழகியிருக்க வேண்டும். கழுத்தை உள்ளே மடக்கும் இடத்தில்தான் எல்லாரும் திணறுவார்கள். எங்கள் கூட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கழுத்து வராமல் இரண்டு பக்கமும் வால் வைத்த ஒன்றை மடித்து, "இது திரும்பிப் பார்க்காத கொக்கு" என்றாள். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

தீக்காயப் படங்களைப் பிள்ளைகள் உட்காரும் பக்கம் மாட்டாதீர்கள். தனி மூலை, மேலே ஒரு எச்சரிக்கை அட்டை. ஜப்பானில் செய்வதுபோல் காகித விளக்கைக் குளத்தில் விடலாம் என்று ஆசை வரும். குளத்துக்கு ஓர் அனுமதி, தண்ணீருக்குப் பக்கத்தில் பிள்ளைகள், மறுநாள் குப்பை. விட்டுவிடுங்கள்.

9. அன்றைக்கு

பத்து மணி என்றால் பத்தேகாலுக்குத் தொடங்குங்கள், எத்தனை பேர் இருந்தாலும். நாற்காலி பாதி போட்டால் போதும், ஆள் வர வர விரிக்கலாம். காலி நாற்காலியைப் பார்த்தால் பேச்சாளருக்குக் குரல் இறங்கிவிடும். தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை மூன்றையும் வெட்டினால் 40 நிமிடம் மிச்சம். உள்ளூர் நிருபருக்குப் படத்தோடு ஒரு பக்கச் செய்தியை மாலை 4 மணிக்குள் அனுப்புங்கள், பெயர்களைத் தட்டச்சு செய்து. கையெழுத்தில் கொடுத்தால் பெயர் மாறித்தான் வரும்.

11.02-க்கு நாங்கள் எழுந்து நின்றோம். அடுத்த தெரு மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரில் உடுக்கையோடு அம்மன் பாட்டு முழங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் வாசல் பக்கம் பார்த்தேன். சமையற்கட்டில் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றிருந்தார். அந்த ஒரு நிமிடம் அப்படியே போனது. ஆடியில் கூட்டம் வைக்கிறவர்கள் பக்கத்துக் கோயில்காரர்களிடம் முந்தின நாளே போய், இரண்டு நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்கவே இல்லை.

10. முடிந்த பிறகு (ஒரு வாரத்துக்குள்)

வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி, நன்கொடை தந்த எல்லாருக்கும் வாட்ஸாப்பில் அனுப்புங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் தருவார்களா என்பது இதைப் பொறுத்துத்தான். முத்திரை வாங்கிய கடிதம், ரசீதுகள், நோட்டீஸ் ஒன்று, பேச்சாளர் எண்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். டிசம்பர் கூட்டத்துக்குக் காவல் நிலையம் போனபோது ஆகஸ்ட் கடிதத்தின் நகலைக் காட்டினோம், பத்தே நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

மண்டபத்து முன்பணத்தைக் கூட்டம் முடிந்த அன்றே, நாற்காலியை எண்ணி ஒப்படைத்த கையோடு கேட்டு வாங்குங்கள். நாங்கள் "நாளைக்கு வர்றோம்" என்று கிளம்பிவிட்டோம். அந்த 2,000 ரூபாய்க்கு நான்கு முறை போனோம். இரண்டு நாற்காலி உடைந்ததாகச் சொல்லி 600 பிடித்துக்கொண்டு, ஆவணி முதல் முகூர்த்தம் முடிந்தபிறகுதான் கொடுத்தார்கள்.